கதவின் வெளிப்பக்கம்

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தாறு. குருவின் பெயர் ஷமீமா. கோயமுத்தூர் கோட்டைமேட்டில், செல்போன் கவர் விற்கிற கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை வைத்திருந்தார். பேய் விளையாட்டுகளுக்குக் கடைமுகப்பு செய்து கொடுப்பது அவர் தொழில்.

அது என்ன தொழில் என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இப்போது இணையக் கடையில்தான் விற்பனை ஆகின்றன. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அங்கே ஒரு சின்னப் படம், படத்துக்குக் கீழே நாலு வரி. வாங்க வருகிறவர்கள் விரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். பெரிய கம்பெனிகளுக்குக் கவலையில்லை, விளம்பரத்திலேயே விற்றுவிடுவார்கள். தனி ஆளாக வீட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஒரு விளையாட்டைச் செய்கிறவர்களுக்கு அந்தப் படத்தையும் நாலு வரியையும் விட்டால் வேறு கதியில்லை. அந்த இரண்டிலும் ஷமீமாவுக்கு நல்ல கைராசி என்று கடல் கடந்தும் பேச்சு இருந்தது.

சீடர் சென்னியப்பன், கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். வேலையை விட்ட பிறகு, பம்பு வரைந்த கையாலேயே கம்ப்யூட்டரில் ஒரு வீட்டை வரைந்தார். நிரல் எழுதவும் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டார். 'மின்தடை' என்று ஒரு பேய் விளையாட்டு தயாரானது. விளையாடுகிறவர் அந்த வீட்டுக்குள் இருப்பார். கரண்ட் போய்விடும். யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள். கரண்ட் திரும்ப வரும்வரை அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் சத்தம் காட்டாமல் ஒளிந்திருக்க வேண்டும். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று தெருவில் கேட்டபோது, சும்மா பொழுது போக வேண்டாமா என்று சொல்லிவைத்தார்.

அது பொய். அவருக்கு சிந்துஜா என்று ஒரே மகள். தாய் சீக்கிரமே போய்விட்டதால் அவர்தான் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தார். ஊரெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த காலத்தில், இருட்டில் அப்பாவும் மகளும் கண்ணாமூச்சி ஆடுவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் அவளுக்குப் பேய் விளையாட்டுகளில் பைத்தியம் பிடித்தது. அவள் விளையாடுவாள், இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளைவிட அதிகமாக அலறுவார்.

அப்படிப்பட்டவள் தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டாள். சென்னியப்பன் சாதி பார்த்தார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி அவரைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை. கல்யாணம் முடிந்த கையோடு அவள் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். அவர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் தட்டிவிட்டு அவள் போய்விட்டாள். இப்போது புனேயில் இருக்கிறாள் என்று கேள்வி.

அவள் இருக்கிறாள் என்பதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி அந்த இணையக் கடைதான். வாங்கின பேய் விளையாட்டுகளைப் பற்றி அவள் அங்கே தன் பெயரிலேயே இரண்டு மூன்று வரி எழுதுவாள். இவர் ஒன்றுவிடாமல் படிப்பார். அவள் நன்றாக இருக்கிறது என்று எழுதியதை வாங்கி விளையாடுவார், படுமோசம் என்று எழுதியதையும் வாங்கி விளையாடுவார். சில வாரம் அவள் எதுவும் எழுதாமல் இருந்தால் இவருக்குச் சோறு இறங்காது. உடம்பு சரியில்லையோ, இல்லை வயிற்றில் பிள்ளை உண்டாகியிருக்குமோ, யாரிடம் கேட்பது என்று கிடந்து தவிப்பார். போனை எடுத்துப் பேசித் தொலைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆரம்பத்தில் வீம்பு தடுத்தது, வீம்பு போனபிறகு வெட்கம் தடுத்தது.

ஆகவே அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கடையில் விரலைத் தள்ளிக்கொண்டே போகிற சிந்துஜா, 'மின்தடை' படத்தைக் கண்டதும் விரலை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே வர வேண்டும். அதற்காகத்தான் கோட்டைமேட்டு மாடிப்படி ஏறினார்.

படம் வரைந்து தருகிறேன் என்று ஷமீமா சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

"படம் நானே வரையோணுங்க அம்மணி. இது என்ற கைவேலைன்னு தெரியோணும். எப்படி வரையறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

யாருக்குத் தெரிய வேண்டும் என்று ஷமீமா கேட்கவில்லை. சரி, வரைந்து எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார். அன்றைக்கு அவர் சீடரானார்.

முதல் படத்தை அவர் சிரமம் பார்க்காமல் போட்டிருந்தார். முழு நிலா, நிலாவுக்குக் குறுக்கே வௌவால், மொட்டை மரத்தில் ஆந்தை. நடுவில் வெள்ளைச் சேலையில் தலைவிரி கோலமாக ஒருத்தி, அவள் வாயில் ரத்தம். பின்னால் வீடு, வீட்டு ஜன்னலில் இன்னொரு முகம். விளையாட்டின் பெயரும் ரத்தம் சொட்டச் சொட்ட எழுதப்பட்டிருந்தது. இத்தனையையும் ஒரே படத்தில் அடக்கியதில் அவருக்குப் பெருமைதான்.

ஷமீமா படத்தைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். அவரை ஜன்னலோரம் நிற்கச் சொல்லிவிட்டு, படியிறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ப்புற டீக்கடை முன்னால் போய் நின்று போனை உயர்த்திப் பிடித்தார். டீக்கடைக்காரருக்கு இது பழகிப்போன காட்சி போலிருக்கிறது, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன தெரியுதுங்ணா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கருப்பா என்னமோ தெரியுதுங்க."

"என்னமோன்னா?"

"தோசைக்கல்லாட்டம் இருக்குதுங்க."

மேலே வந்த ஷமீமா, கடையில் படம் இந்த அளவுக்குத்தான் தெரியும் என்றார். தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு இருக்கிற அவசரத்தோடுதான் ஆட்கள் பார்ப்பார்கள் என்றும் சொன்னார்.

"அப்ப எதை எடுத்துப் போடறதுங்க?"

"விளையாட்டுல இல்லாததை எல்லாம்."

சென்னியப்பன் யோசித்தார். விளையாட்டில் நிலா இல்லை, ஆந்தை இல்லை. அந்த வெள்ளைச் சேலைக்காரியும் இல்லவே இல்லை. பேய்ப் படம் என்றால் இதெல்லாம் இருக்க வேண்டும் என்று நினைத்துப் போட்டதுதான். படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த முறை வெறுங்கையோடு வந்தார். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனதில் படத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லையாம். அவர் விளையாட்டில் பேய் கண்ணுக்கே தெரியாது, தட்டுகிற சத்தம் மட்டும்தான். சிந்துஜாவின் கருத்துகளைப் படித்துப் படித்து அவர் கற்றுக்கொண்ட விஷயம் அது. பேயை நேரில் காட்டிவிட்ட விளையாட்டுகளை எல்லாம் அவள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தாள். ஆனால் கடையில் என்ன செய்வது?

"பேயைக் காட்டாம பேய் வெளையாட்டை எப்படிங்க விக்கறது?" என்று கேட்டார்.

மதிய நேரம். ஷமீமா அவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். இரண்டு சந்து தள்ளி ஒரு சின்னப் பிரியாணிக் கடை. வாசலில் பெரிய அண்டா, மூடிமேல் நெருப்புத் துண்டங்கள். கடைக்கு முன்னால் ஏற்கெனவே கூட்டம் நின்றுகொண்டிருந்தது. கடைக்காரர் துண்டங்களைத் தள்ளிவிட்டு மூடியை ஒரு பக்கமாகக் கொஞ்சம் தூக்கினார். ஆவி குபுக்கென்று வந்தது. உடனே மூடிவிட்டு, இன்னும் பதம் வரவில்லை, பத்து நிமிஷம் ஆகும் என்று உள்ளே போய்விட்டார். கூட்டம் கலையவில்லை. ரோட்டில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"இதுல பிரியாணியைப் பார்த்தவங்க எத்தனை பேருங்ணா?" என்றார் ஷமீமா.

"ஒருத்தரும் பாக்கலீங்களே."

சாப்பிடாமல் போகக் கூடாது என்றார் ஷமீமா. சென்னியப்பன் இரண்டு தட்டு சாப்பிட்டார். பஸ்ஸில் போகும்போது வயிறு நிறைந்திருந்தது. சிந்துஜா இப்போது மதியச் சோறு எங்கே சாப்பிடுவாள், யார் சமைப்பார்கள் என்ற நினைப்பு வந்து, காந்திபுரம் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

அவர் மூன்றாவது முறை படத்தோடு வருவதற்குள் ஷமீமா 'மின்தடை'யை விளையாடி முடித்திருந்தார்.

இந்தப் படத்தில் ஒரு மூடிய கதவு, வாசல்படி, படியில் ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பு. அவ்வளவுதான். ஜன்னலோரம் நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷமீமா போனை மேசையின் மறுகோடியில் சாத்திவைத்தார். கதவும் தெரிந்தது, செருப்பும் தெரிந்தது. படம் தேறிவிட்டது என்று சென்னியப்பனுக்கே புரிந்தது. ஆனால் ஷமீமா வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளையாட்டு பூரா நான் வீட்டுக்குள்ளயே இருந்தேங்ணா," என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"கதவோட உள்பக்கத்தைத்தான் பார்த்தேன். தாழ்ப்பாள், காலண்டர், சாவி மாட்டற ஆணி."

"ஆமாங்க அம்மணி."

"இந்தப் படத்துல நான் வாசப்படில நிக்கறேன். இது யார் பார்த்த கதவுங்ணா?"

சென்னியப்பன் படத்தைக் குனிந்து பார்த்தார். வரைகிறபோது அவருக்கு இது உறைக்கவே இல்லை. விளையாட்டு முழுக்க உள்ளே இருந்து செய்தவர், முகப்புப் படத்தை மட்டும் வெளியே நின்று போட்டிருக்கிறார். வரைபடக்காரருக்கு இந்தத் தப்பு வரக் கூடாது. எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைத்தான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்.

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாமூச்சி ஆடினது, கல்யாணம், அவள் வந்து நின்றது, தான் உட்கார்ந்திருந்தது. அவள் போன பிறகு கதவைத் திறந்தபோது படியில் தன்னுடைய செருப்பு கிடந்ததையும் சொன்னார். அவள் குத்துமதிப்பாகப் பேசுகிறாள் என்று அதுவரை நினைத்திருந்தவருக்கு அதைக் கண்டதும்தான் விளங்கியதாம், அப்பா உள்ளேதான் இருக்கிறார் என்று தெரிந்தே அவள் அத்தனை நேரம் தட்டியிருக்கிறாள் என்று. ஒளிந்துகொண்டதாக நினைத்தது அவர் மட்டும்தான். இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துபோனது. ஷமீமா தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

அவர் கொஞ்சம் ஆசுவாசமானதும், படத்துக்குக் கீழே போட என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஷமீமா கேட்டார்.

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். தலைமுறை தலைமுறையாகச் சாபம் பிடித்த ஒரு வீடு, உறைய வைக்கும் மர்மங்கள், ரத்தத்தை நடுங்க வைக்கும் திகில், நிஜத்தை மிஞ்சும் ஒலி, நீங்கள் தப்பிப்பீர்களா என்று ஒரு கேள்வி, கேள்விக்குப் பின்னால் நாலு ஆச்சரியக்குறி. படிக்கப் படிக்க அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. நாலாவது ஆச்சரியக்குறிக்கு வருவதற்குள் தாளை அவரே மடித்துவிட்டார்.

"என்ன எழுதறதுங்க அம்மணி?"

"அன்னைக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"எப்பங்க?"

"கதவைத் தட்டும்போது."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே தெருவில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைகளை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. தனக்குள்ளே தினமும் கேட்டுக்கொண்டிருந்தவைதான், ஆனாலும் வாய்க்கு வர நேரம் பிடித்தது.

"'அப்பா, நாந்தான். உங்க செருப்பு இங்கதான் கெடக்குது. உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியுது. கதவைத் தொறங்கப்பா'ன்னு சொன்னாளுங்க."

ஷமீமா விசைப்பலகையை அவர் முன்னால் தள்ளினார். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். கதவுப் படத்துக்குக் கீழே அந்த வரிகள் வந்து உட்கார்ந்தன.

"பேய் வெளையாட்டு வாங்க வர்றவங்களுக்கு இது பயமா இருக்குமுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

ஷமீமா தன் முன்கையை நீட்டிக் காட்டினார். மயிர் குத்திட்டு நின்றது.

"ஆனா இதைப் போட்டா அவளுக்குத் தெரிஞ்சுருமுங்களே."

"தெரியணும்னுதானே நீங்களே வரையறேன்னு சொன்னீங்க?"

படத்தையும் வரிகளையும் கடையில் ஏற்றுகிற வேலையை ஷமீமா ஆரம்பித்தார். விளையாட்டுக்குள் எடுத்த நாலைந்து காட்சிகளையும் கூடவே போட வேண்டும். அதற்காக 'மின்தடை'யைத் திறந்தார். திரையில் அந்த வீடு வந்தது. கரண்ட் போனது. தட்டுகிற சத்தம் கேட்டது. சென்னியப்பன் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான், அவர் பதிவு செய்து சேர்த்ததுதான். ஆனாலும் அவர் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

ஷமீமா ஒளியவில்லை. இருட்டில் நேராகக் கதவு வரைக்கும் நடந்துபோய் நின்றார். பார்வையைத் தாழ்ப்பாளுக்கு நேராக வைத்து விசையை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"தாழ்ப்பாள் அசையலையே."

"அது சும்மா படமுங்க. தொறக்கற மாதிரி செய்யலை."

"ஏங்ணா?"

"தொறந்தா அந்தப் பக்கம் என்ன வைக்கறதுன்னு தெரியலீங்க அம்மணி. அவ நின்னுட்டிருந்த மாதிரி செய்யலாம்னு உக்காருவேன். முகத்தை வரைய ஆரம்பிச்சா கை ஓடாது. மூடி வச்சுட்டு எந்திரிச்சுருவேன்."

திரையில் தட்டுகிற சத்தம் தொடர்ந்துகொண்டே இருந்தது. ஷமீமா பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்து கரண்ட் வந்தது, விளக்குகள் எரிந்தன, சத்தம் நின்றது. 'நீங்கள் தப்பித்துவிட்டீர்கள்' என்று எழுத்து வந்தது. சென்னியப்பன் அதைப் படித்தார். அவரே எழுதின வாக்கியம், இப்போது படிக்கக் கூச்சமாக இருந்தது.

ஷமீமா எழுத்தை அப்படியே விட்டுவிட்டுக் கடைப் பக்கத்துக்குப் போனார். படம் சரியாக இருந்தது. வரிகள் சரியாக இருந்தன. காட்சிகளும் ஏறிவிட்டன. வெளியிடுகிற பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அதை நீங்களே அழுத்துங்கள் என்று மவுஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

சென்னியப்பன் மவுஸின் மேல் கையை வைத்தார், அழுத்தவில்லை. அவர் கண் திரையில் இருந்த சின்னப் படத்தின் மேலேயே இருந்தது. இந்நேரம் புனேயில் அவள் வேலையில் இருப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, கம்ப்யூட்டரைத் திறப்பாள். விரலால் தள்ளிக்கொண்டே வருவாள். ஆயிரம் படங்களுக்கு நடுவே இந்தக் கதவு வரும். இத்தனை நாளும் படம் எப்படி, எழுத்து எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தவர், கேட்க வந்ததைக் கடைசியில்தான் கேட்டார்.

"இதைப் பார்த்தா அவ வருவாளுங்களா, அம்மணி?"

ஷமீமா விளையாட்டை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டார். கரண்ட் போனது. சத்தம் கேட்க ஆரம்பித்தது. திரையில் திறக்காத அந்தக் கதவு வந்து நின்றதும், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, தன் இடத்தில் உட்காரும்படி அவருக்குக் கை காட்டினார்.

"அவங்க அன்னைக்கே வந்துட்டாங்களேங்ணா."